பாஸ்டருக்கு வாசித்தவள்

“அந்த ஆளைப் பத்திச் சொல்ல என்கிட்ட நல்ல வார்த்தை ஒண்ணும் இல்ல, சிஸ்டர்,” என்றார் பாஸ்டர் பாஸ்கம். வாய் நிறையக் கேக். அந்தக் கேக்கைச் சுட்டு, துணியில் சுற்றி, பஸ் ஏறிக் கொண்டுவந்ததே செத்துப்போன லூசியஸின் அம்மாதான். அவள் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே, அவள் கேக்கைத் தின்றுகொண்டே, அவள் பிள்ளையைப் பற்றி அந்த மனிதர் அப்படிச் சொன்னார்.

அம்மாவுக்குத் துணையாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெர்னெல் சைக்ஸுக்குச் சுர்ரென்று உச்சந்தலைக்கு ஏறியது. வாயைத் திறந்தால் காரியம் கெட்டுவிடும் என்று கைப்பையின் வாரைப் பிடித்து முறுக்கினாள். பதினான்கு வருஷமாக இந்த மனிதருக்கு ஆர்கன் வாசிக்கிறாள். வாசிப்பதைவிட அடக்கிக்கொள்வதில்தான் அவளுக்கு இப்போது அதிகப் பழக்கம்.

அம்மாக்காரி ஐடெல்லா டார்ப்லி அசரவில்லை. எண்பதைத் தாண்டியவள். அட்லாண்டாவுக்குத் தெற்கே மேக்கன் நகரத்தில் இருந்த அந்தக் கறுப்பர் சபை, கட்டடம் இல்லாமல் கூடாரத்தில் நடந்த காலத்திலிருந்தே உறுப்பினர். சபையில் எல்லோரும் அவளை மதர் என்றுதான் அழைப்பார்கள், பாஸ்டர் உட்பட.

“நல்லதா ஒண்ணும் சொல்ல வேண்டாம் பாஸ்டர்,” என்றாள். “கெட்டதா ஒண்ணும் சொல்லாம இருந்தாப் போதும். அவன் அப்பாவை இந்த மேடைக்கு முன்னாடி வெச்சுத்தான் எடுத்துட்டுப் போனோம். அவனையும் அப்படியே எடுத்துட்டுப் போகணும். அவ்வளவுதான் கேக்குறேன்.”

“பிரசங்கம் என் கையில இல்ல மதர். ஆண்டவர் என்ன வார்த்தை குடுக்கிறாரோ...”

“ஆண்டவர்கிட்ட நான் அப்புறம் பேசிக்கிறேன்,” என்று வெர்னெல் குறுக்கே விழுந்தாள். “இப்ப நீங்க என்ன சொல்றீங்க, அதைச் சொல்லுங்க.”

பாஸ்டர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் கைக்குட்டையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தார். வேதம் வாசிப்பார், ஜெபம் பண்ணுவார், பரலோகத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசுவார். லூசியஸின் பெயரைப் பிரசங்கத்தில் இழுக்க மாட்டார். பதிலுக்கு, சபைக்கு வெளியே பாடுகிற உலகப் பாட்டு ஒன்றும் வாசிக்கக் கூடாது. அவனுடைய பழைய பேண்டுக்காரர்கள் சவப்பெட்டியைத் தூக்கலாம், மேடைப் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது. மதர் எழுந்து கையை நீட்டினாள். பாஸ்டர் அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கி வாக்குக் கொடுத்தார். இன்னொரு துண்டு கேக்கையும் எடுத்துக்கொண்டார்.

லூசியஸ் டார்ப்லி முதன்முதலில் வாயைத் திறந்து பாடியதும் அதே சபையில்தான். ஆள் குள்ளம் என்று பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் நிறுத்தினார்களாம். பையன் பாடி முடித்ததும் பெண்கள் தொப்பியைக் கழற்றி எறிந்தார்களாம். வளர்ந்தபின் பஞ்சாலையில் இரண்டாவது ஷிஃப்டுக்குப் போனான். அங்கேயே டிரம்ஸ் ஒருவன், பேஸ் கிடார் ஒருவன், டிரம்பெட் மாதிரிக் கொம்பு ஊதுகிறவர்கள் நாலு பேர் என்று சேர்த்துக்கொண்டு பேண்டு ஆரம்பித்தான். பேருக்கு மெனக்கெடவில்லை, ‘செகண்ட் ஷிஃப்ட்’ என்றே வைத்துவிட்டான்.

ஆர்கனுக்கு ஆள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெர்னெல் வெளியே வந்தபோது சபைச் சுவரில் சாய்ந்துகொண்டு நின்றான்.

“அடியே, ஞாயித்துக்கிழமை அந்தப் பெட்டியில நீ என்ன பண்றியோ, அதையே சனிக்கிழமை எனக்குப் பண்ணு. ஒரு நாள்தானே முன்ன பின்ன?”

“உங்கம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா விட்டுருப்பாங்களா? வா, வா. பஸ் நிக்குது.”

அவளுக்கு அப்போது இருபது வயது. போனாள். பதினோரு வருஷம் அந்தப் பஸ்ஸிலேயே கிடந்தாள். கறுப்பர்களுக்கு அறை தராத ஊர்களில் பஸ்ஸிலேயே தூங்கினார்கள், சமையல்கட்டில் உடை மாற்றினார்கள், பாடி முடித்ததும் பின்வாசல் வழியாக வெளியே அனுப்பப்பட்டார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து ஆடிய வெள்ளைக்காரப் பையன்கள் வெளியே வந்ததும் அவர்களைத் தெரியாதமாதிரி போனார்கள். அதையெல்லாம் வெர்னெல் இன்னும் மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை. ஆனால் மேடையில் ஏறினால் வேறு உலகம். சபையில் ‘இயேசுவே’ என்று கத்துகிற இடத்தில் லூசியஸ் ‘கண்ணே’ என்று கத்தினான். மற்றபடி அதே ஆர்கன், அதே கைதட்டல், அதே வியர்வை. போகப் போக அந்தப் பாட்டிலிருந்து இனிப்பையெல்லாம் எடுத்துவிட்டு எலும்பை மட்டும் வைத்துக்கொண்டான். பேஸ் உறுமும், டிரம்ஸ் இடிக்கும், ஆர்கன் குத்திவிட்டு ஓடிப்போகும். எல்லோரும் தாளத்தின் முதல் தட்டில் வந்து ஒன்றாக விழ வேண்டும்.

“முதல் தட்டை மட்டும் என்கிட்ட குடுத்துடுங்கடா. மிச்சத்தை நீங்க என்னவோ பண்ணித் தொலைங்க,” என்பான்.

அவன் தங்கமான மனுஷன் என்று யாரும் சொல்ல முடியாது. குடிப்பான். ஊருக்கு ஒரு பெண் என்று வைத்திருந்தான். தப்பாக வாசித்தவனை மேடையிலேயே பெயர் சொல்லித் திட்டுவான். ஒரு முறை ஜாக்ஸன்வில்லில், தாமதமாக வந்தான் என்பதற்காகப் பேஸ்காரன் எம்மிட்டை மைக்கிலேயே வேலையைவிட்டு நீக்கினான். எம்மிட் முகம் செத்துப்போனதைப் பார்த்ததும் வெர்னெலுக்கு வந்ததே கோபம். அடுத்த சுற்றில் ஆர்கனின் சுருதியை அரைக்கட்டை ஏற்றினாள். அடுத்த சுற்றில் இன்னும் அரை. லூசியஸ் திரும்பி முறைத்தான். அவள் இன்னும் அரை ஏற்றினாள். பாட்டை நிறுத்தவும் முடியாமல் எட்டிப் பிடிக்கவும் முடியாமல் கடைசியில் அவன் தொண்டை சேவல் மாதிரிக் கிறீச்சிட்டது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

மேடைக்குப் பின்னால் அவளைத் தேடி வந்தான். அடிக்கப்போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

“ஏண்டி, என்னைக் கொல்லப் பார்த்தியா?” என்று கேட்டுவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். “எம்மிட், நாளைக்குச் சீக்கிரம் வந்து தொலைடா. இவளைச் சமாளிக்க என்னால ஆகாது.”

‘தட்டிப் பார்’ என்ற அவர்கள் பாட்டு ஒரு கோடைக்காலம் முழுக்க எல்லாக் கறுப்பர் ரேடியோ நிலையங்களிலும் ஓடியது. டிவியில் ஊதாச் சட்டையில் வந்தான். அப்புறம் காலம் மாறியது. டிரம்ஸ் அடிக்க மெஷின் வந்தது. ரெக்கார்டு கம்பெனி அவர்களைக் கழற்றிவிட்டது. ஒரு நாள் சட்டனூகாவில் கார் நிறுத்துமிடத்தில் நின்று ஆளுக்கு ஒரு சிகரெட் பிடித்துவிட்டு அவரவர் ஊருக்குப் போனார்கள்.

வெர்னெல் மேக்கனுக்குத் திரும்பினாள். வீட்டில் அம்மா படுக்கையில் கிடந்தாள். மகள் மறுபடி சபையில் உட்காருவதைப் பார்த்துவிட்டுச் சாக வேண்டும் என்றாள். அந்தச் சபையில் வழி ஒன்றுதான். பின்மாற்றம் போனவர்கள், அதாவது சபையைவிட்டு விலகிப்போனவர்கள், எல்லோர் முன்னாலும் நின்று, செய்தது பாவம் என்று சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். வெர்னெல் கேட்டாள். “நான் சாத்தானுக்கு வாசிச்சேன்,” என்று பாஸ்கம் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னாள். ஒரு வருஷம் கடைசிப் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வைத்துவிட்டு, அப்புறம்தான் ஆர்கனைத் தொடவிட்டார்கள்.

லூசியஸையும் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவன் கேட்கவில்லை.

“மன்னிப்புக் கேக்கணும்னா, நான் கேக்க வேண்டிய பொம்பளைங்க நிறையப் பேர் இருக்காங்க. அவங்க வீட்டு வாசல்ல போய் நிக்கிறேன். பாட்டுக்காகக் கேக்க மாட்டேன்,” என்று பாஸ்கமின் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டான்.

அன்றிலிருந்து பாஸ்கமுக்கு அவன்மேல் கறுவல். லூசியஸ் காலையில் ஸ்கூல் பஸ் ஓட்டினான், வார இறுதியில் நெடுஞ்சாலை மோட்டல் ஒன்றின் பாரில் பாடினான். ஞாயிறுதோறும் அம்மாவைச் சபை வாசலில் இறக்கிவிட்டு, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு காரிலேயே உட்கார்ந்திருப்பான். உள்ளே பாஸ்கம் வேண்டுமென்றே குரலை உயர்த்திக் குடிகாரர்களையும் கூத்தாடிகளையும் திட்டுவார். சிறுநீரகம் கெட்டு, ஆள் பாதியாகி, போன செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தான்.

சனிக்கிழமை காலை சபை நிரம்பி வழிந்தது. அட்லாண்டாவிலிருந்து வந்தார்கள், அகஸ்டாவிலிருந்து வந்தார்கள். பல வருஷம் சபைப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் நல்ல சூட்டு போட்டுக்கொண்டு வந்து சுவரோரம் நின்றார்கள். வெள்ளைக் கையுறை போட்ட பெண்கள் விசிறி கொடுத்துக்கொண்டு ஓடினார்கள். கீழ்த்தளத்தில் அடக்கத்துக்குப் பின் சாப்பிட வறுத்த கோழியும் கீரையும் மக்ரோனியும் தயாராகி, வாசனை தரைப்பலகை வழியாக மேலே வந்துகொண்டிருந்தது. பெட்டியை எம்மிட்டும் மற்றப் பேண்டுக்காரர்களும் தூக்கி வந்து மேடைக்கு முன்னால் வைத்து, மூடியைத் திறந்துவிட்டார்கள். மதர் முதல் வரிசையில் கறுப்புத் தொப்பி போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சொந்தம் என்று யாரும் இல்லை. அவனோடு அந்த வம்சம் முடிந்தது.

கூட்டத்தைப் பார்த்ததும் பாஸ்கமின் கண் பளபளத்தது. வெர்னெல் அதைக் கவனித்தாள். அந்தப் பளபளப்பு அவளுக்குப் புதிதா என்ன? நிரம்பிய அரங்கைக் கண்டால் லூசியஸுக்கும் அது வரும்.

முதலில் ஒழுங்காகத்தான் போனார். வேதம் வாசித்தார். ஜெபம் பண்ணினார். பரலோகத்தின் வாசல்களைப் பற்றிப் பேசினார். வெர்னெல் மெல்லப் பின்னால் வாசித்துக்கொண்டிருந்தாள். அந்த ஊரில் பிரசங்கம் என்றால் பேச்சாகத் தொடங்கி, நடுவில் ராகம் பிடித்து, கடைசியில் பாட்டாகவே போய் முடிவது. பாஸ்டர் ஒரு வரியைச் சொல்லி ‘ஹா’ என்று மூச்சு வாங்குவார். அந்த இடைவெளியை ஆர்கன் வந்து நிரப்ப வேண்டும். சுருதி எடுத்துக் கொடுப்பது, தடுமாறினால் தாங்குவது, ஏறும்போது தூக்கிவிடுவது எல்லாம் ஆர்கன்காரியின் வேலை. கேட்கிறவர்களுக்கு அது பாஸ்டரின் வல்லமை மாதிரி இருக்கும். கைக்குட்டையை உதறுவதும், ஒரு காலை மடக்கி விழுந்து எழுவதும் லூசியஸ் மேடையில் செய்தவைதான் என்பது வெர்னெலுக்கும் எம்மிட்டுக்கும் தெரியும். சொன்னால் அடிக்க வருவார்கள்.

“வாசல் ஒண்ணு இல்ல சபையே! ஹா! ரெண்டு வாசல் இருக்கு!” என்றார் பாஸ்கம்.

வெர்னெல் கட்டைகளிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

“அந்த இன்னொரு வாசல்ல போனா, ஹா, அங்கேயும் ஒரு மேடை இருக்கு! அங்கேயும் விளக்குப் போட்டிருக்கான்! ஹா! ஆனா அந்த விளக்கு அணையாது! அந்தச் சூடு தணியாது! ஊதாச் சட்டை போட்டுட்டுப் போனவனே, ஹா, இப்ப உன் சட்டை எங்கே?”

சுவரோரம் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாஸ்கம் மேடையைவிட்டு இறங்கிப் பெட்டிக்கு அருகிலேயே வந்துவிட்டார்.

“லூசியஸ் டார்ப்லி! ஹா! இப்ப பாடு பாக்கலாம்! அங்க உனக்குக் கைதட்ட யாரு இருக்கா?”

பாவி. கை குலுக்கிக் கொடுத்த வாக்கு. நாற்றம் பிடித்த பொய்யன். வெர்னெலுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிணத்திடம் போய்ச் சவால் விடுகிறான், பதில் வராது என்ற தைரியத்தில். உயிரோடு இருந்தபோது அந்த ஆள் முன்னால் நிற்க இவனுக்குத் தொடை நடுங்கும்.

உன் குரல்வளையை நெரிக்கிறேன் பார் என்று அரைக்கட்டை ஏற்றினாள்.

பாஸ்கம் ஏறி வந்தார். இன்னும் அரை ஏற்றினாள். டிரம்ஸில் இருந்த மூப்பர் ஹோரேஸ் சிரித்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினார். இன்னும் அரை. பாஸ்கமின் கழுத்து நரம்பு கயிறுபோல் புடைத்தது. இந்த மனிதரின் தொண்டை எங்கே நிற்கும் என்று அவளுக்கு அத்துப்படி. அந்த எல்லையை அவர் தாண்டிவிட்டார். இன்னும் ஒரே ஒரு படி. கிறீச்சிடு. எல்லோர் முன்னாலும் கிறீச்சிட்டுத் தொலை.

குரல் கிழிந்தது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

ஜாக்ஸன்வில் மேடை வேறு, சபை வேறு என்பதைக் கோபத்தில் அவள் மறந்துபோனாள். சபையில் சுருதி ஏறினால் ஆவியானவர் இறங்குகிறார் என்று அர்த்தம். குரல் கிழிந்தால் அபிஷேகம் என்று அர்த்தம். பெஞ்சு பெஞ்சாக எழுந்தார்கள். “அல்லேலூயா!” என்று ஒரு பெண் செருப்பை உதறிவிட்டு நடுவழியில் ஓடினாள். வெள்ளைக் கையுறைக்காரிகள் ஒருத்தியைத் தாங்கிப் பிடிப்பதற்குள் இன்னொருத்தி ஆடத் தொடங்கினாள். சுவரோரம் நின்றவர்களுக்கும் கால் சும்மா இருக்கவில்லை. நரகத்தைப் பற்றிய அந்த ஈனத்தனமான பேச்சு தீப்பிடித்து எரிந்தது. எரியவிட்டது யார்? அவள்தான்.

பாஸ்கம் திரும்பி அவளைப் பார்த்துக் கையை நீட்டினார். முகமெல்லாம் சந்தோஷம். தன்னை ஒருத்தி கொல்லப் பார்த்தாள் என்பதே அந்த மனிதருக்குத் தெரியவில்லை.

“வாசி சிஸ்டர், வாசி! இந்தச் சகோதரிக்குத் தெரியும்! ஹா! அந்த மேடையில அவன்கூட நின்னவ! ஆண்டவர் இவளைத் தூக்கி எடுத்தார்! ஹா! அவனை அங்கேயே விட்டுட்டார்!”

“ஆமென்!” என்றது சபை மொத்தமும்.

வெர்னெல் மதரைப் பார்த்தாள். எல்லோரும் நின்றிருந்த இடத்தில் அவள் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். தொப்பி கவிழ்ந்திருந்தது. உதடு அசைந்துகொண்டே இருந்தது. எதையோ உரக்கத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள், ஒரு தடவையல்ல, திரும்பத் திரும்ப. அந்த ஆர்கன் சத்தத்தில் பக்கத்திலிருப்பவளுக்குக்கூடக் கேட்கவில்லை. கிழவிக்கும் அருள் வந்துவிட்டது என்று நினைத்து ஒருத்தி அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் வெர்னெலுக்கு உறைத்தது. ஞாயிறுதோறும் இதைத்தானே செய்திருக்கிறாள்? விவாகரத்தானவளைத் திட்டினார், வாசித்தாள். பிள்ளைத்தாய்ச்சியாக வந்து நின்ற பெண்ணைத் திட்டினார், வாசித்தாள். வெளியே காரில் உட்கார்ந்திருந்தவனைத் திட்டினார், அதற்கும் சுருதி பிசகாமல் வாசித்தாள். அந்த மனிதரின் வன்மத்துக்கெல்லாம் வல்லமை என்று பேர் வாங்கிக்கொடுத்தது இந்தப் பத்து விரல்கள். லூசியஸுக்கு வாசித்ததற்காக எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டாளே, எவ்வளவு பெரிய மடச்சி! கேட்க வேண்டியது அதற்கா?

கட்டைகளிலிருந்து இரண்டு கையையும் எடுத்தாள். பெடலிலிருந்து காலையும் எடுத்தாள்.

ஹோரேஸ் இரண்டு சுற்றுத் தனியாக அடித்துப் பார்த்துவிட்டு, கொம்பு முறிந்த மாடு மாதிரி விழித்து நிறுத்தினார். ஆடிக்கொண்டிருந்தவர்கள் ஓரடி எடுத்து வைத்து, அடுத்த அடிக்கு இடம் கிடைக்காமல் நின்றார்கள். வெளியே போன லாரியின் சத்தம் உள்ளே கேட்டது.

“நெருப்பு... ஹா...” என்றார் பாஸ்கம். ஆர்கன் இல்லாத அந்த ‘ஹா’ மாடிப்படி ஏறிவந்த கிழவனின் மூச்சு மாதிரி இருந்தது. யாரோ ஒரு பையன் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான்.

“சிஸ்டர் வெர்னெல், இங்க கொஞ்சம் உதவி பண்ணுங்க.”

வெர்னெல் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

“சிஸ்டர்!”

“மாட்டேன்,” என்றாள். அந்த ஒரு வார்த்தை கடைசிப் பெஞ்சுவரை போனது.

பாஸ்கம் சபையின் பக்கம் திரும்பினார். “சாத்தான் குறுக்க வருவான். நாம நிறுத்த மாட்டோம். இந்த லூசியஸ் டார்ப்லி, நான் சொல்றேன், இந்த ஆள் இப்ப நரகத்துல...” என்று ஆரம்பித்தவர் அத்தோடு நின்றுவிட்டார். தன் காதிலேயே அது விழுந்துவிட்டது. ராகம் இல்லாமல், தாளம் இல்லாமல், பெற்றவளுக்கு முன்னால் நின்று செத்தவனைப் பற்றி ஒரு மனிதன் புறணி பேசுகிறான். அவ்வளவுதான் அது. அதற்கு ஆமென் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. சற்றுமுன் ஆடியவர்கள் குனிந்து செருப்பைத் தேடினார்கள்.

மதர் எழுந்தாள். இப்போது அவள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

“பெட்டியை மூடுங்க. இதைத்தான் அப்போலேந்து சொல்லிட்டிருக்கேன். பெட்டியை மூடுங்க.”

“மதர், இது வார்த்தை வந்த நேரம்...” என்று பாஸ்கம் தொடங்கினார்.

“வாக்குக் குடுத்தே பாஸ்கம்.” பாஸ்டர் என்ற சொல்லை அவள் விட்டுவிட்டதைச் சபை கவனித்தது. “என் கையைப் பிடிச்சுக் குடுத்தே. என் மகன் யோக்கியன்னு நான் சொல்லல. குடிச்சான், ஆடினான், எனக்குத் தெரியாதா? பெத்தவளுக்கு நீ சொல்லித் தரணுமா? ஆனா தப்பு பண்ணினா என் எதிர்ல வந்து நின்னு, பண்ணிட்டேம்மான்னு சொல்லுவான். கூட்டத்தைச் சேர்த்து வெச்சுக்கிட்டு, பதில் சொல்ல முடியாதவனைப் போட்டு மிதிச்சதில்ல.”

“கல்லறையில ஜெபம் பண்ண நான்...”

“எனக்கு ஜெபம் பண்ணத் தெரியும். நீ உள்ளேயே இரு.” பேண்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்துத் திரும்பினாள். “தூக்குங்கடா.”

எம்மிட் முதலில் எழுந்தான். மற்றவர்களும் எழுந்தார்கள். பெட்டியின் மூடியை மதர் தன் கையாலேயே இறக்கினாள். வரும்போது ஆறு பேர் தூக்கி வந்தார்கள். அதில் டிரம்பெட்காரனுக்கு நெஞ்சு அடைத்து வாசல் பக்கம் காற்றுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். ஒரு கைப்பிடி காலியாக இருந்தது. எம்மிட் சுற்றுமுற்றும் பார்த்தான். சபை ஆண்கள் பாஸ்கமைப் பார்த்தார்கள், அப்புறம் தரையைப் பார்த்தார்கள். ஒருவனும் அசையவில்லை.

வெர்னெல் ஆர்கனின் ஸ்விட்சை அணைத்துவிட்டு எழுந்தாள்.

“யோசிச்சுப் பண்ணு,” என்று ஹோரேஸ் டிரம்ஸ் பின்னாலிருந்து முணுமுணுத்தார். “பொம்பளை பெட்டி தூக்குறதா? இப்ப இறங்கினே, திரும்ப இந்தப் பெஞ்சு உனக்குக் கிடையாது.”

“நீங்களே உக்காந்துக்குங்க மூப்பர். பாஸ்டருக்குச் சுருதி எடுத்துக் குடுக்க ஆள் வேணும்ல?”

இறங்கிப் போய்க் காலிக் கைப்பிடியைப் பிடித்தாள். எம்மிட் அவளைப் பார்த்துத் தலையசைத்தான். ஒன்றாகத் தூக்கினார்கள். ஆள் பாதியாகிப் போயிருந்தான் என்றுதான் பேர். பெட்டி என்னமாய்க் கனத்தது. மதர் முன்னால் நடந்தாள். அவர்கள் வாசலை நெருங்குமுன்பே பின்னால் பெஞ்சுகள் கிறீச்சிடும் சத்தம் கேட்டது. முதலில் சுவரோரம் நின்றவர்கள் வந்தார்கள். அப்புறம் சபைக்காரர்களும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்கள், ஓடி ஆடிய பெண் ஒரு கையில் செருப்போடு வந்தாள். மறுபடி மேடையில் ஏறி நின்ற பாஸ்கம் எல்லோரையும் உட்காரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒருவரும் திரும்பவில்லை.

வெளியே சவ வண்டிக்காரன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குழம்பிப்போய் நின்றான். இவ்வளவு சீக்கிரம் வருவார்கள் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

“பாஸ்டர் எங்கே? அவரில்லாம எப்படி வண்டியை எடுக்கிறது?”

“உள்ளதான் இருக்காரு,” என்றான் எம்மிட். “கைதட்ட ஆள் தேடிட்டிருக்காரு.”

அங்கேயே, படிக்கட்டின் நடுவில், வெர்னெலுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க வாயைத் திறந்தவளுக்கு வந்தது அழுகை. இத்தனை நாள் வராத அழுகை. தோள் குலுங்கியது, மூக்கு ஒழுகியது, ஒரு கையை எடுத்துத் துடைத்தாள். லூசியஸ் செத்துப்போனான் என்பதே இப்போதுதான் அவளுக்குத் தெரிய வந்ததுபோல் இருந்தது.

கீழே நின்றிருந்த மதர் அண்ணாந்து பார்த்தாள்.

“அழறதா இருந்தா அப்புறம் அழுடி. உன் பக்கம் சாயுது. என் பிள்ளையை ஒழுங்காப் பிடி.”

வெர்னெல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தாள்.